நாலாவது போல்ட்

என்னை முட்டாள் என்று சொல்லுங்கள், கவலையில்லை. பொய்யன் என்று சொல்லுங்கள், அதுவும் பரவாயில்லை. ஒரு போல்ட்டைக் கழற்றத் தெரியாதவன் என்று கட்டின பெண்டாட்டியே சொல்லலாமா? எங்கள் வட ஸ்வீடனில் ஓர் ஆண்பிள்ளையை அப்படிச் சொல்வதும் நாலு பேர் பார்க்கக் கன்னத்தில் அறைவதும் ஒன்றுதான்.

போன ஏப்ரலில், வருஷா வருஷம் போலச் சுத்தம் செய்யக் கழற்றும்போது, பனியில் ஓட்டும் என் ஸ்கூட்டரின் புகைக்குழாயை எஞ்சினோடு பிடித்திருக்கும் நாலு போல்ட்டில் ஒன்றை முறித்துவிட்டேன். உள்ளே மாட்டிக்கொண்ட துண்டை எடுக்க மெக்கானிக்குக்கு மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் என் பெண்டாட்டி குன்வோர் ஓயவில்லை.

"சூட்டுலயும் துருவுலயும் இறுகிக் கிடக்கிறதைக் குளிர்ல வச்சு முறுக்கினா முறியாம என்ன செய்யும்? முந்தின நாளே எண்ணெய் விடணும். எஞ்சினைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கணும். முதல்ல லேசா இறுக்கிட்டு அப்புறம் தளர்த்தணும். திரும்ப மாட்டும்போது துரு ஏறாம இருக்க மரையில செம்புப் பசை தடவணும். தடவினா அடுத்த வருஷம் தானா வரும்."

"நீ என்ன மெக்கானிக்கா?"

"டப்பா மேலயே எழுதியிருக்குங்க. படிக்கத் தெரிஞ்சா போதும்."

பார்த்தீர்களா இந்த வாயை!

இந்த வருஷம் ஒரு பந்தயமே வைத்தாள். சனிக்கிழமை ஏரியில், ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்கும் போட்டி. சீசனின் கடைசிப் போட்டி. பதினொரு வருஷமாக நான் வெறுங்கையோடு திரும்பும் போட்டி. இந்த முறை மீன் கூடும் இடத்தை ரகசியமாகக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஆனால் அதே சனிக்கிழமை அவளுடைய அக்கா மைபிரிட், கேனரித் தீவுகளுக்குச் சுற்றுலா போய் எடுத்த எழுநூறு படங்களோடு வருகிறாள். யாராவது ஒருவர் வீட்டிலிருந்து பார்த்தே ஆகவேண்டும்.

"நாலு போல்ட்டையும் முழுசாக் கழட்டிப் பசை தடவி மாட்டிட்டா நீங்க போங்க. ஒண்ணு முறிஞ்சாலும் நான் போறேன், நீங்க படம் பாருங்க."

"சரி!" என்றேன். ரோஷம் உள்ளவன் வேறென்ன சொல்வான்?

வியாழக்கிழமை காலை. மைனஸ் பன்னிரண்டு. எண்ணெய் விடவில்லை, எஞ்சினைச் சூடாக்கவில்லை. பெண்டாட்டி சொன்னபடி கழற்றினால் அது நான் கழற்றியதாகுமா? மூன்று போல்ட் எப்படியோ வந்துவிட்டன. நாலாவது அசையவில்லை. ஸ்பேனரில் நீளமான குழாயைச் செருகி, அதன்மேல் ஏறியே நின்றேன்.

டக்.

போல்ட்டின் தலை மட்டும் ஸ்பேனரோடு வந்தது. உடம்பு உள்ளேயே தங்கிவிட்டது. அநியாயம்! மூன்று வந்தது யார் கண்ணிலாவது பட்டதா? புகைக்குழாயைத் திரும்ப வைத்து, மூன்றை மாட்டி, நாலாவதின் தலையைப் பசை போட்டு ஒட்டினேன். செம்புப் பசை இல்லை. உடைந்த கோப்பையை ஒட்டுகிற பசை.

குன்வோர் எட்டிப் பார்த்தாள். "நாலும் வந்துடுச்சா?"

"அரை மணியில!"

"அடேயப்பா!" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் முப்பது வருஷம் காத்திருந்தேன் ஐயா! எனக்கே ஒரு கணம் நாலும் வந்துவிட்டதாகத்தான் தோன்றியது.

சனிக்கிழமை ஏழு மணி. எங்கள் ஊர் வழக்கப்படி காபியில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டுக் குடித்துவிட்டு, ஐஸ் துளைக்கும் கருவியோடு கிளம்பினேன்.

"இருங்க, ஒரு சின்ன வேலை. பக்கத்து வீட்டு ரூனே வண்டியில போல்ட் இறுகிப்போச்சாம். நேத்து கடையில உங்க கைராசியைச் சொன்னேனா, தெருவுல இன்னும் நாலு பேர் நாங்களும் கொண்டு வரோம்னுட்டாங்க. எட்டு மணிக்கு வந்துடுவாங்க."

"போட்டி ஒன்பதுக்கு ஆரம்பம்!"

"அரை மணியில நாலு கழட்டினவருக்கு இருபது என்ன பிரமாதம்?"

இருபது போல்ட்! இந்த ஊரில் ஒருவன் அடுத்தவன் பெண்டாட்டியோடு ஓடிப்போய்விட்டுத் திரும்பி வந்து குடியிருக்கலாம். பனி மிஞ்சியிருக்கும் கடைசி மாதமான ஏப்ரலில் அடுத்தவன் ஸ்கூட்டரைக் கெடுத்துவிட்டுக் குடியிருக்க முடியாது.

"குன்வோர்..."

"சொல்லுங்க."

"நாலாவது முறிஞ்சுபோச்சு. தலையை ஒட்டி வச்சிருக்கேன். தயவுசெய்து அவங்களை வர வேண்டாம்னு சொல்லிடு."

அவள் என் கையிலிருந்த கருவியைப் பொறுமையாக வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அவங்களை யாருங்க வரச் சொன்னா? ரூனே மட்டும்தான் வராரு, என்னைப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போக."