முடுக்கம் மூன்றாம் பருவத்தில்

அந்தக் கல்லூரியில் இளநிலை இயற்பியல் மாணவர்களுக்கு முதல் பருவத்தில் இயக்கவியல், மூன்றாம் பருவத்தில் நுண்கணிதம். நுண்கணிதம் இல்லாமல் இயக்கவியலை எப்படி நடத்துவது என்று இத்தனை வருஷமாக யாரும் வாய் திறந்து கேட்டதில்லை. முதன்முதலாகக் கேட்டவர் இயற்பியல் மேடம். எட்டு வருஷமாகத் தற்காலிகப் பணி; இந்த வருஷத் தேர்ச்சி விகிதத்தைப் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவோம் என்று சொல்லிவிட்டார்கள். பாவம், அவர் வகுப்பிலோ வேகத்தை வகையிடச் சொன்னால் அறுபது பிள்ளைகளும் திருதிருவென்று விழித்தார்கள்.

கணிதத் துறைத் தலைவரிடம் போனார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘தேற்றம்’.

“சார், நுண்கணிதத்தை முதல் பருவத்துலயே நடத்தக் கூடாதா?”

“பாடத்திட்டக் குழு ஒப்புதல் கொடுத்தது மூணாம் பருவத்துக்கும்மா. உங்க இயக்கத்தை வேணா கொஞ்சம் தள்ளிப் போடுங்களேன்.”

“கல்லை விட்டா உடனே கீழ விழுது சார். தள்ளிப் போட முடியாது.”

“அதுக்கு யார் ஒப்புதல் கொடுத்தாங்க?” என்றார் தேற்றம்.

விவகாரம் முதல்வரிடம் போயிற்று. கூட்டுக்குழு மூன்று முறை கூடி, பிஸ்கட் தீரும்வரை ஆலோசித்து, சுற்றறிக்கை விட்டது.

“மேற்படி பொருள் குறித்துத் தீர விவாதித்ததில், நுண்கணிதம் கற்பிக்கப்படும் வரை, வளாகத்துக்குள் முதலாமாண்டு மாணவர் முன்னிலையில் பொருள்கள் யாவும் சீரான வேகத்தில் மட்டுமே செல்ல வேண்டும் எனத் தெரிவிக்கப்படுகிறது. நிற்கும் பொருள்களுக்கு ஆட்சேபணை இல்லை. முடுக்கம் மூன்றாம் பருவம் முதல் அனுமதிக்கப்படும்.”

ஆய்வகத்தில் ஊசல்களைக் கட்டிப் போட்டார்கள். சாய்தளத்தைச் சமதளமாக்கினார்கள். ஆய்வக உதவியாளர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“மேடம், ஃபேன் போட்டா முதல்ல மெதுவா சுத்தி அப்புறம்தானே வேகம் எடுக்குது?”

“பசங்க வர்றதுக்கு முன்னாடியே போட்டு வைங்க. அவங்க போனப்புறம் நிறுத்துங்க.”

வகுப்பில் ஒரு மாணவி எழுந்தாள். “மேடம், ஸ்டாப்ல நிக்கிற பஸ் கிளம்புதே?”

“அது வளாகத்துக்கு வெளியிலம்மா. உட்காரு.”

பரீட்சையில் முதல் கேள்வி: ‘ஒரு கல் மேசைமேல் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது?’ நாற்காலிமேல் என்று எழுதிய இரண்டு பேருக்குக் கருணை மதிப்பெண் கொடுத்ததில், நூற்றுக்கு நூறு தேர்ச்சி. கல்லூரி வாசலில் பேனர் கட்டினார்கள்.

மூன்றாம் பருவம் வந்தது. தேற்றம் குழுவில் எழுந்து, “நுண்கணிதம் இல்லாமலே எல்லாரும் பாஸாகிட்டாங்க. அப்புறம் அது எதுக்கு?” என்றார். அதைத் தூக்கிவிட்டு ‘எண்சார் ஆளுமை மேம்பாடு’ என்று புதுப் பாடம் வைத்தார்கள். நுண்கணிதமே இல்லையென்றான பிறகு முடுக்கமும் இல்லை.

முதல்வர், நுண்கணிதத்தைத் தூக்கும் தீர்மானத்தையும் மேடத்தின் நிரந்தரப் பணி ஆணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனாவை நீட்டினார்.

“ரெண்டுலயும் ஒரு கையெழுத்தும்மா.”

மேடத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டு வாடகையும் நினைவுக்கு வந்தது. போட்டுவிட்டார்.

அடுத்த வருஷம் அவர் மகள் பள்ளிப் படிப்பை முடித்து, இயற்பியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தெரிந்தே பெற்ற பெண்ணைப் பாழுங்கிணற்றில் தள்ள மேடத்துக்கு என்ன பைத்தியமா? மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய் வேறொரு கல்லூரியில் வரிசையில் நின்றார்கள். முன்னால் தேற்றம், தன் மகனோடு. அவருக்கும் முன்னால் முதல்வர், தன் பேத்தியோடு. மூவரும் கூரையைப் பார்த்துக்கொண்டார்கள்.

மகளின் விண்ணப்பத்தில் மேடம் வேலை பார்க்கும் இடத்தைப் பார்த்த குமாஸ்தாவுக்கு முகமெல்லாம் பல்.

“அட, நீங்களும் அந்தக் காலேஜா? உங்க பாடத்திட்டத்தைத்தான் இந்த வருஷத்துலேருந்து நாங்களும் எடுத்திருக்கோம். ரிசல்ட் பிரமாதமா வருமாமே.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எங்க வாத்தியாருங்கதான் அவங்க பிள்ளைங்களை எங்க சேர்க்கிறதுன்னு தெரியாம அலையறாங்க. நல்ல காலேஜ் ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்களேன்.”