மாமாவை விழுங்கிய பிராக்கெட்

கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று சொந்தக்காரர்களிடம் ஒருமுறை பேர் வாங்கிவிட்டால் அப்புறம் நிம்மதி கிடையாது. எனக்கு அந்தப் பேர் பத்து வருஷம் இருந்தது. ஒரே ஒரு பிராக்கெட்டில் போச்சு.

தங்கை கல்யாணப் பத்திரிகை. கீழே, 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு வரிசையாக உறவினர் பெயர் வரவேண்டும். எங்கள் பக்கம் மாப்பிள்ளை பேரில் பிழை இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். உறவினர் ஒருத்தர் பேர் விடுபட்டால் அடுத்த தலைமுறை வரைக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. அதனால் அப்பா வரிக்கு ஒருத்தராக அறுபது பேரைப் போனில் தட்டி அனுப்பியிருந்தார். கூடவே, தன் ஞாபகத்துக்காக, ஒவ்வொருவரைப் பற்றியும் பிராக்கெட்டுக்குள் ஒரு குறிப்பு. 'கணபதி ராமசாமி (மைக் பக்கம் விடக்கூடாது)' என்பது போல. 'சூலூர் ஆறுமுகம் (காது கேக்காது, சத்தமாக் கூப்பிடோணும்' என்பது போல.

"குறிப்பையெல்லாம் அழிச்சுப்போட்டு, பேரை மட்டும் கமா வெச்சு ஒரே பத்தியாக் குடு கண்ணு. ஒவ்வொண்ணாப் பாத்துச் செய்யி. அரை மணி நேரம் ஆகும்" என்றார் அப்பா.

அரை மணி நேரமா! பீளமேட்டில் ஏசியில் உட்கார்ந்து சாஃப்ட்வேர் எழுதுகிறவனிடமா! தேடு என்ற கட்டத்தில் திறக்கும் பிராக்கெட், நட்சத்திரக் குறி (நடுவில் எது இருந்தாலும் சரி என்று அர்த்தம்), மூடும் பிராக்கெட். மாற்று என்ற கட்டத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு தட்டு, குறிப்பெல்லாம் காலி. அடுத்து, வரி முடிகிற இடத்திலெல்லாம் கமா. இன்னொரு தட்டு. மொத்தம் ஒன்றரை நிமிஷம். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். (அன்றைக்குப் போட்டிருந்தது காலர் இல்லாத பனியன்.)

அச்சகத்து அக்கா கெஞ்சினார்: "ஏனுங்க தம்பி, பேரையெல்லாம் ஒருக்காப் படிச்சுப் பாத்துருங்க."

"மெஷின் செஞ்சதுங்க்கா. தப்பு வராது."

அறுநூறு பத்திரிகை வந்தது. முதல் பத்திரிகை தொண்டாமுத்தூர் மாமாவுக்கு. அம்மாவின் ஒரே அண்ணன். மாமன் சீர் செய்யவேண்டியவர். தட்டிலிருந்து எடுத்தார். முகூர்த்த நேரத்தையோ மண்டபத்தையோ பார்க்கவில்லை. நேராகப் பெயர்ப் பட்டியலுக்குப் போனார். படித்தார். மறுபடியும் விரல் வைத்துப் படித்தார். பத்திரிகையை மடித்துத் தட்டிலேயே வைத்தார்.

"ஆனை வந்து வாழையெல்லாம் மிதிச்சுப்போட்டுப் போச்சு. அதுக்குக்கூட நான் இத்தனை வருத்தப்படல அம்மணி. கல்யாணத்தை நல்லபடியா நடத்துங்க. நான் வரலீங்க."

கூடப்பிறந்த தங்கச்சியான அம்மாவைப் போய் 'ங்க' போட்டுப் பேசினால் விஷயம் எவ்வளவு முற்றிவிட்டது என்று பாருங்கள். அம்மா அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள். "எங்கண்ணன் இல்லாம சீரு யாருடா செய்வாங்க?"

அவசரமாகப் போனைத் திறந்து அப்பாவின் பட்டியலைப் பார்த்தேன். சூலூர் ஆறுமுகத்துக்குத் திறந்த பிராக்கெட்டை அப்பா மூடவே இல்லை. (மேலே நானும் மூடாமல்தான் எழுதியிருக்கிறேன். நீங்களும் கவனிக்கவில்லைதானே?) அடுத்த வரி மாமா. என் நட்சத்திரம், மூடும் பிராக்கெட்டைத் தேடிக்கொண்டே போய், மாமாவை முழுசாக விழுங்கி, அவர் குறிப்பு முடிகிற இடத்தில்தான் ஏப்பம் விட்டிருக்கிறது.

"மாமா, தப்பு எம்மேல இல்லீங்க, பிராக்கெட் மேல! நீங்களே பாருங்க" என்று போனை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் மூளை வேலை செய்தது.

மாமா சத்தமாகப் படித்தார். "தொண்டாமுத்தூர் பழனிச்சாமி. மொதப் பந்தியில உக்கார வெக்கலைன்னா மூஞ்சியத் தூக்கிக்குவாரு."

அப்பா எழுந்து வாசலில் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

மாமா போனைத் திருப்பித் தரவில்லை. தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டே போனார். மீசை லேசாகத் துடித்தது. கணபதி ராமசாமியின் மைக் வந்ததும் (ரெண்டு பேருக்கும் பழைய வரப்புத் தகராறு) தாங்க முடியாமல் சிரித்துவிட்டார். "மச்சான், இது ஒண்ணுக்கே உங்களுக்குச் சீரு செய்யலாமுங்க!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி வரிக்கு வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மாப்ளே, உனக்கும் போட்டிருக்குது. கார்த்திகேயன். பொறுப்பான வேலை எதுவும் குடுக்க வேண்டாம்."

(அப்பா, நீங்களுமா! கடைசி வரைக்கும் படித்திருந்தால் எனக்கு அப்போதே தெரிந்திருக்கும்.)

"சரி, வாரேன்" என்றார் மாமா. "ஆனா அத்தனை பத்திரிகையிலயும் எம்பேரு இருக்கோணும். உன் கையால எழுதோணும். மெஷின் ஆகாது."

அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்தவன் நாலு நாள் உட்கார்ந்து அறுநூறு தடவை 'தொண்டாமுத்தூர் பழனிச்சாமி' எழுதினேன். முந்நூறுக்கு மேல் என் கையெழுத்தே மாமா கையெழுத்து மாதிரி ஆகிவிட்டது.

மாமா வந்தார்; சீர் செய்தார்; முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தார். இன்றைக்கும் எந்த விசேஷத்திலாவது ஆர்வக்கோளாறில் நான் சாம்பார் வாளியைத் தூக்கினால் போதும், பந்தியின் அந்தக் கடைசியிலிருந்து மாமா குரல் கொடுப்பார்: "மாப்ளே, பிராக்கெட்டு!"

வாளியைக் கீழே வைத்துவிடுவேன்.