ஒம்பது பாலாடையும் ஒரு போலி நர்ஸும்

இதைப் படிச்சு முடிச்சதும் நீங்க சிரிப்பீங்க. அதுக்கு நான் பொறுப்பு. ஆனா இப்பவே சிரிப்பு வேணும்னு கேக்காதீங்க. பந்தியில உக்காந்த உடனே பாயசம் எங்கன்னு கேக்குற ஆள் மாதிரி இருக்கும். முதல்ல இலை போடணும், தண்ணி தெளிக்கணும், உப்பு வைக்கணும்.

இலை போடுதேன்.

போன சனிக்கிழமை எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். குற்றாலத்துல ஒரு மண்டபத்துல ஒன்றரை மணி நேரம் சும்மா உக்காந்திருக்கணும்.

சும்மா! பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைக்கு இதைவிட லேசான வேலை உண்டா?

எங்கம்மா மண்ணுல சாமான் செய்வாங்க. தென்காசியில எங்க வீட்டுப் பின்னால, கார் நிறுத்துற இடத்துல கார் இல்ல. கரண்ட்ல ஓடுற ஒரு சூளைதான் நிக்குது. இந்தத் தடவை அவங்க செஞ்சது ஒம்பது பாலாடை. பால் மேல படியுற ஏடு இல்லப்பா. கைக்குழந்தைக்குப் பால் புகட்டுற, மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். நான் பிறந்ததுல இருந்து ஒம்பது மாசம் வாயைத் திறக்காம அம்மாவைப் பாடாப்படுத்தினேனாம். மாசத்துக்கு ஒண்ணா ஒம்பது. ஒவ்வொண்ணுலயும் அம்மாவோட பெருவிரல் அழுந்தின தடம் அப்படியே இருக்கும். அந்த வரிசைக்கு அம்மா வச்ச பேரு ‘இன்னும் ஒரு மடக்கு’.

அதாவது, நான் பண்ணின அட்டூழியத்தை வெள்ளைத் துணி விரிச்சு ஊருக்கே காட்டுதாங்க.

கூட ரெண்டு பேர். கோமதி சித்தி படம் வரைவாங்க. குக்கர் முன்னால நின்னுக்கிட்டே தூங்குற ஒரு அம்மாவை ஆளுயரத்துக்கு வரைஞ்சிருந்தாங்க. செண்பகம் அக்கா போட்டோ எடுப்பாங்க. பிள்ளைக்கு ஊட்டும்போது அம்மாக்கள் தங்களை அறியாம அவங்களும் வாயைத் திறப்பாங்க இல்லையா? அதை மட்டும் எடுத்திருந்தாங்க. சுவர் முழுக்க பன்னெண்டு அம்மா. பன்னெண்டு பேரும் ‘ஆ’.

மூணு பேரும் சேந்து வச்ச கண்காட்சி. வாசல்ல பெரிய பேனர். பேனர்ல ஒரு அம்மா, ஒரு குழந்தை, கீழ மூணு பேர் பேரு.

இப்ப முக்கியமான விஷயம். சென்னையில ஓவியக் கூடம் நடத்துற ஒரு மேடம் அன்னைக்கு ரயில்ல வாராங்க. மூணு பேர்ல ஒருத்தரோட வேலையைத் தேர்ந்தெடுத்து சென்னைக்குக் கொண்டு போவாங்க. அம்மா ஒரு வாரமா சரியாத் தூங்கல. பதினாலு வருஷமா மண்ணு பிசையுதாங்க. எங்கப்பா இன்னமும், “சட்டி செஞ்சாலும் மீன் கொழம்பு வைக்கலாம், இத வச்சு என்னத்தப் பண்ண?”ன்னுதான் கேக்குதாங்க. அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லணும்னுதான் அம்மா அந்த மேடத்துக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க.

காலையில மூணு பேரும் மேடத்தைக் கூப்பிட தென்காசி ஸ்டேஷனுக்குக் கிளம்பினாங்க. கார் ஏறும்போது அம்மா சொன்னது இது:

“ஏட்டி இசக்கி, எதையும் தொடாத. யாரையும் தொட விடாத. வாறவியட்ட நோட்டுல எழுதச் சொல்லு. அவ்வளவுதான். முக்கியமா, ஒன் வாய வச்சுக்கிட்டு சும்மா இரு.”

கடைசி வரி எதுக்குன்னா, எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் குரலைக் கேட்டாலும் அது என் தொண்டையில ஒட்டிக்கிடும். “ஆலங்குளம் ஆலங்குளம் ஆலங்குளம் ஏறு ஏறு”ன்னு நான் கூவினா, நிக்காத பஸ்ஸுக்குப் பின்னால ஆள் ஓடும். எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் குரல்ல போன் போட்டு, என் கூட்டாளிக்கு லீவு விட்டிருக்கேன். அவ அதை வகுப்பு முழுக்கச் சொல்லி, மறுநாள் எங்க கிளாஸ்ல மொத்தமே ஆறு பேர்.

சரி. இலை போட்டாச்சு. உப்பு வைக்குதேன்.

சாரல் நேரம். அருவியில தண்ணி கொட்டுது. மண்டபம் அருவிக்குப் போற வழியில இருக்கு. நான் மேசை பின்னால, நோட்டையும் பேனாவையும் வச்சுக்கிட்டு, நல்ல பிள்ளையா உக்காந்திருந்தேன். பதினோரு நிமிஷம். எனக்கு அது சாதனை.

அப்பதான் ஒரு அக்கா உள்ள வந்தாங்க. தலையில ஈரம் சொட்டுது. தோள்ல ஒரு நாலு மாசக் குழந்தை, மண்டபமே இடியுற மாதிரி அழுவுது.

“எம்மா, பிள்ளையோட பாலாட அருவியில போயிட்டு. கழுவுதேன்னு நீட்டினேன், தண்ணி பிடுங்கிட்டுப் போயிட்டு. பாலு பிளாஸ்க்ல இருக்கு, புகட்ட ஒண்ணுமில்ல,” அப்படின்னவங்க, பேனரைப் பாத்தாங்க. வெள்ளைத் துணி விரிச்ச மேசையைப் பாத்தாங்க. வரிசையா ஒம்பது பாலாடையைப் பாத்தாங்க. நோட்டு, பேனாவோட என்னையும் பாத்தாங்க.

“இங்கன பிள்ளைக்குப் பாக்குற முகாமா நடக்கு?”

நான் நல்ல பிள்ளையா இருந்தா, “இல்லக்கா, இது கண்காட்சி”ன்னு சொல்லியிருப்பேன்.

எங்க தெரு சுகாதார நிலையத்துல ஒரு நர்ஸம்மா உண்டு. மூக்காலயே பேசுவாங்க, எல்லார் மேலயும் கோவம். அந்தக் குரல் எந்திரிச்சு வந்து என் வாயில உக்காந்துட்டு.

“முகாம்தான்! நேரத்தோட வரத் தெரியாதா? வரிசையில வாங்க! பேரு, ஊரு, பிள்ளைக்கு எத்தன மாசம், எத்தன கிலோ, எல்லாம் நோட்டுல எழுதுங்க!”

வரிசையில வாறதுக்கு அங்க ஒரே ஒரு ஆள்தான். ஆனா அந்த அக்கா நடுங்கிப் போய் எழுதினாங்க: முத்துலெட்சுமி, வீரகேரளம்புதூர், நாலு மாசம், ஆறு கிலோ, லேசா சளி.

சிரிச்சுட்டு, “சும்மா சொன்னேன்க்கா”ன்னு சொல்ல வாயைத் திறக்குதேன். அதுக்குள்ள அவங்க மூணாம் மாசப் பாலாடையைக் கையில எடுத்துட்டாங்க.

“சிஸ்டர், கழுவ வெந்நி இருக்கா?”

சிஸ்டர்! பதினாறு வயசுல என்னை யாரும் கழுதைக்கு மேல மரியாதையா கூப்பிட்டதில்ல. மயங்கிட்டேன். “இந்தா வாரேன்”னு அடுத்த டீக்கடைக்கு ஓடினேன்.

திரும்பி வந்தா, முத்துலெட்சுமி அக்கா வாசல்ல நின்னு கூப்பிடுதாங்க: “ஏ மாரியக்கா! ஏ சுடலி! எல்லாரும் இங்கன வாங்க! பிள்ளைக்குப் பாலு குடுக்க ஏனமெல்லாம் வரிசையா வச்சிருக்காவ! சிஸ்டர் வேற நல்லா திட்டுதாவ!”

நல்லா திட்டினாத்தான் நம்ம ஊர்ல உண்மையான முகாம். அது எனக்குத் தெரியாமப் போச்சு.

ஒரு வேனே உள்ள வந்துச்சு. ஒரே வேன்ல எப்படி அஞ்சு கைக்குழந்தைன்னு கேக்காதீங்க. ஒரே தெருவாம். போன வருஷம் வரிசையா வளைகாப்பு நடந்த தெருவாம். அவங்களைப் பாத்து ஆலங்குளத்துக்காரங்க மூணு பேர் வந்தாங்க. அவங்களைப் பாத்து வடகரையில இருந்து ஒருத்தங்க, இடுப்புல ஒரு கைக்குழந்தையோட, வாயில வடையோட நின்ன மூணு வயசுப் பயலைத் தள்ளிக்கிட்டு வந்து, “இவனையும் எழுதிக்கோங்க, சோறே திங்க மாட்டேங்கான்”னாங்க.

“நல்லா திங்குதானே?”

“அது வடை சிஸ்டர். சோறு திங்க மாட்டேங்கான்.”

எழுதிக்கிட்டேன்.

ஒருத்தங்க பாலாடையைத் திருப்பித் திருப்பிப் பாத்து, “இது நமக்கேவா, திருப்பிக் குடுக்கணுமா?”ன்னு கேட்டாங்க.

“திருப்பிக் குடுக்கணும்!” அது நர்ஸ் குரல் இல்ல. பயந்துபோன என் சொந்தக் குரல்.

வெந்நிக்கு நான் நாலாவது நடை ஓடினப்ப டீ மாஸ்டர் அண்ணாச்சி கேட்டாரு: “ஏம்மா, வெந்நி வெந்நியா வாங்கிட்டுப் போற, உள்ள என்ன பிரசவமா?”

என்ன அநியாயம் பாருங்க. ஊரை ஏமாத்துதது நான். வேர்க்க விறுவிறுக்க வேலை பாக்குததும் நான்தான்.

அஞ்சாவது நடை முடிஞ்சு உள்ள நுழையும்போது, அப்படியே நின்னுட்டேன்.

ஒம்பது பாலாடையும் கையில. எல்லாரும் சுவரோரமா சம்மணம் போட்டு உக்காந்து புகட்டுதாங்க. பிள்ளை வாயைத் திறக்கணுமேன்னு ஒம்பது பேரும் அவங்க வாயைத் திறக்குதாங்க. மேல போட்டோவுல பன்னெண்டு ‘ஆ’. கீழ நேர்ல ஒம்பது ‘ஆ’. அம்மாவோட பெருவிரல் தடத்துல யார் யாரோ பெருவிரல் சரியாப் போய் உக்காந்திருக்கு.

அப்பதான் ஞாபகம் வந்துச்சு. ஒண்ணு கீழ விழுந்தா அம்மாவோட பதினாலு வருஷம் போச்சு. எல்லாத்தையும் திருப்பி வாங்கி, கழுவி, துடைச்சு அடுக்கிரணும். மேடம் வாறதுக்குள்ள.

பின்னால ஒரு குரல்.

“அடடா!”

வெள்ளைக் காட்டன் சேலை. கழுத்துல சங்கிலியில தொங்குற கண்ணாடி. கையில பெரிய பை. மேடம் தென்காசி வந்தது தெரியாமத் தூங்கி, கடைசி ஸ்டேஷன் செங்கோட்டையில முழிச்சிருக்காங்க. போன்ல சார்ஜ் இல்ல. நேரா ஆட்டோ பிடிச்சு வந்துட்டாங்க. எங்கம்மா அங்க தென்காசி பிளாட்பாரத்துல மாலையும் கையுமா, இறங்குற ஒவ்வொரு கண்ணாடிக்காரம்மாவையும் வழிமறிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க.

மேடம் மேல பாத்தாங்க. கீழ பாத்தாங்க. கண்ணு கலங்கிட்டு.

“பார்வையாளர்களையே படைப்புக்குள்ள உக்கார வச்சிருக்காங்க! இதை நான் எங்கயும் பாத்ததில்லம்மா.”

நானும் பாத்ததில்ல. ஆனா தலையை மட்டும் ஆட்டினேன். அம்மா சொன்னபடி வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்தது அப்ப ஒரு தடவைதான்.

மேடம் நோட்டைப் புரட்டினாங்க. “எல்லாரும் பாராட்டித்தான் எழுதுவாங்க. இங்க ஒவ்வொரு அம்மாவும் பிள்ளையோட எடையை எழுதியிருக்காங்க. எவ்வளவு பெரிய விஷயம்!”

ஆறு கிலோ, லேசா சளி. பெரிய விஷயம்தான்.

அதுக்குள்ள முத்துலெட்சுமி அக்கா வெள்ளைச் சேலையைப் பாத்துட்டாங்க. பக்கத்துல இருந்தவங்களை இடிச்சு, குசுகுசுன்னு என்னமோ சொன்னாங்க. ஒம்பது பேரும் எந்திரிச்சு, இந்தத் தடவை யாரும் சொல்லாமலே, வரிசையில நின்னுட்டாங்க.

“மேடம், இவன் ராத்திரி பூரா அழுவுதான்.”

மேடம் முத்துலெட்சுமி அக்கா கையைப் பிடிச்சாங்க. “நீங்க? நீங்க தூங்குறீங்களா?”

“எல்லாரும் பிள்ளையத்தான் கேப்பாவ மேடம். என்னைய யாரும் கேட்டதில்ல.” கடகடன்னு கண்ணீர். மூக்கைச் சிந்திக்கிட்டே பின்னால திரும்பி, “ஏ சுடலி, இப்பிடி ஒருத்தர நான் பாத்ததே இல்ல பாத்துக்க. நம்மளையும் கேக்குதாவ!”

அவ்வளவுதான். மாரியக்கா முதுகு வலியைச் சொன்னாங்க. சுடலி மாமியாரைச் சொன்னாங்க. ஆலங்குளத்துக்காரங்க ஒருத்தங்க, பிள்ளை பிறந்ததுல இருந்து ஒரு வாய் சூடாச் சாப்பிட்டதில்லன்னாங்க. மேடம் எல்லாத்தையும் கேட்டாங்க. வடகரைப் பயலைக்கூட “ஏன் சோறு பிடிக்கல?”ன்னு கேட்டாங்க. ஒரு குழந்தையை வாங்கி மடியில வச்சாங்க. அது வெள்ளைச் சேலையை நல்லா நனைச்சுவிட்டுது.

“எவ்வளவு உண்மையா இருக்கு!”ன்னாங்க மேடம், சேலையைப் பிழிஞ்சுக்கிட்டே.

அப்பதான் வாசல்ல அம்மா.

கையில மாலை. பின்னால கோமதி சித்தி, செண்பகம் அக்கா. அம்மா கண்ணு மேசைக்குப் போச்சு. மேசையில வெறும் துணி. கண்ணு ஒம்பது கைக்குப் போச்சு. அப்புறம் மெதுவா என்கிட்ட வந்துச்சு. அந்தப் பார்வையை மட்டும் என்னால மிமிக்ரி பண்ண முடியாது.

மேடம் ஓடிப் போய் அம்மா ரெண்டு கையையும் பிடிச்சாங்க. “பாலாடை உங்களோடதா? இந்தப் பெண்களை எப்படிச் சேத்தீங்க? எத்தனை நாள் ஒத்திகை?”

“எந்தப் பெண்கள?”ன்னாங்க அம்மா.

நான் இருமினேன். பலமா இருமினேன். செண்பகம் அக்கா தண்ணி பாட்டிலை நீட்டினாங்க. நிலைமை புரியாத மனுஷி.

“நான் முடிவு பண்ணிட்டேன்,”னாங்க மேடம். “சென்னையில இதேதான். இதே மாதிரி அம்மாக்கள் வந்து உக்காந்து, இதுலயே புகட்டணும்.”

அம்மா முகம் மலரப் போச்சு. பாதி மலர்ந்துட்டு. எனக்கு உயிர் திரும்பி வந்துச்சு. சாமி, இன்னும் ஒரு நிமிஷம் மட்டும் யாரும் எதுவும் பேசக் கூடாது.

முத்துலெட்சுமி அக்கா முன்னால வந்தாங்க. பிள்ளையோட கால்சட்டையை இறக்கி, பின்பக்கத்தை மேடத்துக்கு நேரா நீட்டினாங்க.

“மேடம், வேன்காரன் ஹாரன் அடிக்கான். அந்த ஊசியை மட்டும் போட்டு விட்டுருங்க, நாங்க கிளம்புதோம்.”

மேடம் அந்தக் குட்டிப் பின்பக்கத்தைப் பாத்தாங்க. வரிசையைப் பாத்தாங்க. மேசையைப் பாத்தாங்க. நோட்டை மறுபடி திறந்து, ‘லேசா சளி’யை ரெண்டாவது தடவை படிச்சாங்க. நனைஞ்ச சேலையைப் பாத்தாங்க. கடைசியா என்னைப் பாத்தாங்க.

“நீ யாரும்மா?”

நான் வாயைத் திறந்தேன். நியாயமா ‘இசக்கி’ன்னு வந்திருக்கணும். பயத்துல தொண்டை தானா மாறிட்டு.

“நேரத்தோட வரத் தெரியாதா? வரிசையில வாங்க!”

ஒம்பது பேரும் இன்னும் நேரா வரிசையில நின்னாங்க.

மேடம் கண்ணாடியைக் கழட்டி, துடைச்சு, திரும்ப மாட்டினாங்க. அம்மா பக்கம் திரும்பினாங்க.

“ஒம்பது பாலாடையும் சென்னைக்கு வரட்டும். இந்தப் பொண்ணு மட்டும் வேண்டாம்.”