சிக்னலில் உதறும் கார் குறித்து மாப்பிள்ளைக்கு

கப்பலில் இருக்கும் அன்பு மாப்பிள்ளை அவர்களுக்கு,

கரையில் இருக்கும் மாமனார் எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை, நிறைமாதமாக இருக்கும் உங்கள் மனைவி மூவரும் நலம். உங்கள் நலத்தையும் கடலின் நலத்தையும் அறிய ஆவல். கார் மட்டும் நலமில்லை.

பதற வேண்டாம், இங்கே நான் பதறுவதே போதும். "ஆஸ்பத்திரிக்கு அவளை நம்ம கார்லதான் கூட்டிட்டுப் போகணும் மாமா. குழந்தையும் நம்ம கார்லதான் வீட்டுக்கு வரணும். அது எங்கப்பா ஓட்டுன வண்டி" என்று சாவியை என் கையில் வைத்து மூடிவிட்டுப் போனீர்கள். நானும் பெரிய மனுஷனாக வாக்குக் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளை கொடுத்த வண்டியைக் குறை சொல்லக் கூடாதுதான். ஓடும்போது அதன்மேல் குறையும் இல்லை, நின்றால்தான் வினை. சிக்னலில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் குளிர்ஜுரம் கண்டதுபோல் உதறுகிறது. ஸ்டியரிங் உதறுகிறது, கண்ணாடி உதறுகிறது, பின் சீட்டில் உங்கள் அத்தையின் கன்னம் உதறுகிறது. கப்பல் எஞ்சினையே கட்டி மேய்க்கும் உங்களுக்கு எஞ்சினைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சொல்கிறேன், இதைக் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

முதல் அதிர்ச்சி பெரிய சாலை சிக்னலில். வண்டி நின்றுவிடுமோ என்ற பயத்தில் நியூட்ரலில் போட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து விட்டேன். பக்கத்தில் பைக்கில் நின்ற இளைஞன் என்னைத் திரும்பிப் பார்த்தான், சிரித்தான், அவனும் பதிலுக்கு முறுக்கினான். பந்தயத்துக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டான்! மருந்துக்கடையில் மாத்திரை எண்ணியே தலை நரைத்தவன் நான். பச்சை விழுந்ததும் அவன் பறந்தான், நம் வண்டி அங்கேயே அணைந்தது. பின்னால் நின்றவர்கள் நம் குடும்பத்தைப் பற்றிச் சொன்னதை எழுத மாட்டேன், உறையை ஒட்டும் முன் இதை உங்கள் மனைவி படித்துப் பார்ப்பாள். "இந்த வயசுல உங்களுக்கு ரேஸ் கேக்குதா?" என்றாள் உங்கள் அத்தை.

சரி, வைத்தியம் நாமே பார்ப்போம் என்று இறங்கினேன். எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை உள்ளிருந்து சுத்தம் செய்ய பெட்ரோலில் கலக்கும் மருந்து கிடைக்கிறது. முழுப் பாட்டிலையும் ஒரே தடவையில் ஊற்றவும் என்று அதில் அச்சடித்திருந்ததைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த மருந்தையாவது ஒரே மடக்கில் கொடுப்பார்களா? இருமல் மருந்து மூடியில் அளந்து காலை, மதியம், இரவு என்று டேங்கில் விட்டுவந்தேன். நான் மூடியும் கையுமாகக் காரின் பக்கத்தில் குனிந்து நிற்பதைப் பார்த்த எதிர்வீட்டு டீச்சர், "சாருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று உங்கள் அத்தையிடம் தனியாக விசாரித்திருக்கிறார். அந்த நாட்களில் பானெட்டுக்குள் ஒரு சின்ன முதலுதவியும் செய்தேன். அது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அதற்குப் பிறகு உதறல் இரண்டு மடங்கானது, காரணம்தான் பிடிபடவில்லை.

வேறு வழியில்லாமல் கடைத்தெரு மெக்கானிக்கிடம் போனேன். பானெட்டைத் திறக்கும் முன்பே முடிவைச் சொல்லிவிடுவதால் அவருக்கு 'தீர்ப்பு' என்று பெயர். "பிளக்குதான் சார், வேற ஒண்ணுமே இல்ல" என்றார் தீர்ப்பு. பிளக்குகளை மாற்றினார், உதறியது. "நான் அப்பவே நெனச்சேன், த்ராட்டில்ல அழுக்கு" என்றார். காற்று போகும் அந்த வாயைக் கழற்றி, ஸ்ப்ரே அடித்துத் துடைத்து மாட்டிச் சாவியைத் திருப்பினார். ஐயோ மாப்பிள்ளை! காலே வைக்காமல் எஞ்சின் வீறிட்டுக் கத்துகிறது. பட்டறைக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு எழுந்துவிட்டார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "பயப்படாதீங்க சார். அழுக்கு இருந்தப்ப போட்ட கணக்கையே கம்ப்யூட்டர் இன்னும் வச்சிருக்கு. ஓட்ட ஓட்டக் கத்துக்கும்" என்றார். அதுவும் கத்துக்கொண்டு, கத்துவதை நிறுத்தி, பழையபடி உதற ஆரம்பித்தது.

மூன்றாம் முறை உங்கள் அத்தையும் கூட வந்தாள். தீர்ப்புக்கே தன்மேல் நம்பிக்கை குறைந்துவிட்டது போலிருக்கிறது, முதன்முறையாகத் தீர்ப்புச் சொல்லாமல் பானெட்டைத் திறந்தார். "நாலு சிலிண்டரும் சேர்ந்து இழுக்கணும் சார். ஒவ்வொரு இன்ஜெக்டர் வயரா கழட்டிப் பாப்போம். எவனைக் கழட்டுனா எஞ்சின் கண்டுக்காம ஓடுதோ, அவன்தான் திருடன்" என்றார். ஓடும் எஞ்சினில் முதல் வயரைப் பிடுங்கினார், வண்டி மூச்சுத் திணறியது. மாட்டிவிட்டு இரண்டாவதைப் பிடுங்கினார், சாகப் பார்த்தது. மூன்றாவதைப் பிடுங்கினார். ஒன்றுமே நடக்கவில்லை! நாலு பேர் இழுக்க வேண்டிய வண்டியை மூன்று பேர் இழுக்க, ஒருத்தன் இத்தனை நாளும் ஓசிச் சவாரி செய்திருக்கிறான்! சரியாக அந்த நேரத்தில் உங்கள் அத்தை ஏன் என்னைத் திரும்பிப் பார்த்தாள் என்று தெரியவில்லை.

தீர்ப்பு அந்த வயரின் நுனியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "யாரு சார் இதுக்குக் கட்டுப் போட்டது?"

முதலுதவி என்று சொன்னேனே, அதுதான். வயரை இன்ஜெக்டரோடு பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் கொண்டி உடைந்து லொடலொடவென்று ஆடியதைப் பார்த்து, மனசு கேட்காமல் காஸ் துணி சுற்றி, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைப் போட்டிருந்தேன். எஞ்சின் சூட்டில் அதன் பசை உருகி உள்ளே வடிந்து, கரண்ட் போகும் வழியையே அடைத்துவிட்டதாம். கொஞ்சமாவது வேலை செய்துகொண்டிருந்தவனை நானே படுக்கவைத்துவிட்டேன்! எனக்குத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். "இந்த ஊர்லயே இவ்வளவு அழகா கட்டுப் போடறவர் ஒருத்தர்தான்" என்றாள் உங்கள் அத்தை. தீர்ப்பு சிரித்த சிரிப்பில் பட்டறைத் தகரமே அதிர்ந்தது.

பசையைச் சுரண்டி எடுத்து, புதுக் கொண்டி போட்டாயிற்று மாப்பிள்ளை. இப்போது எஞ்சின் ஓடுவதே தெரியவில்லை. அணைந்துவிட்டது என்று நினைத்து, ஓடுகிற வண்டிக்கே மறுபடி சாவி திருப்பி, கிறீச்சென்று அலறவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆகவே நீங்கள் நிம்மதியாக வேலையைப் பாருங்கள். வலி எந்த நிமிஷம் வந்தாலும் மகளை உங்கள் அப்பாவின் காரில்தான் அழைத்துப் போவேன். கொடுத்த வாக்கு வாக்குதான். கடல் அமைதியாக இருக்கட்டும், நீங்கள் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். கப்பலில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா

பின்குறிப்பு: மேலே எழுதியதை நம்ப வேண்டாம். உறையில் போடுவதற்குள் மகளுக்கு வலி வந்துவிட்டது. ஓடிப்போய் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். மகள் இடுப்பைப் பிடித்தபடி வந்து நின்று, "அப்பா, சத்தமே இல்ல. இது அணைஞ்சிருச்சுப்பா" என்றாள். "இல்லம்மா, ஓடுது! சத்தியமா ஓடுது!" என்று கத்தினேன். அதற்குள் உங்கள் அத்தை தெருமுனையில் போன டாக்ஸியை மறித்துக் கூட்டி வந்துவிட்டாள். "வாக்கெல்லாம் அப்புறம். நீங்க வர்றீங்களா இல்லையா?" என்றாள். முன்சீட்டில் பாய்ந்து ஏறினேன்.

பெண் குழந்தை மாப்பிள்ளை! தாயும் சேயும் சுகம். உங்கள் மூக்கு. என் கையில் கொடுத்தார்கள், அழுதுவிட்டேன். "குழந்தைய நம்ம கார்லதானப்பா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்?" என்று மகள் கேட்டாள். "அதிலென்ன சந்தேகம்?" என்று சொல்லி, சாவிக்காகப் பையில் கையை விட்டேன். இந்தக் கடிதம்தான் வந்தது. சாவி காரில் இருக்கிறது. கார் வாசலில், கதவைத் திறந்து போட்டபடி, ஓடிக்கொண்டே நிற்கிறது. பழையபடி உதறிக்கொண்டிருந்தாலாவது எவனும் தொடமாட்டான். இவ்வளவு நன்றாக ஓடுகிற வண்டியை யார்தான் விட்டுவைப்பார்கள்? நான் ஓடுகிறேன்.