மூதூரில் ஒரு பொம்பிளை வீடு

வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் முழங்காலில் நின்று செபித்துக்கொண்டிருந்த வஸ்தியாம்பிள்ளையின் தோளில் ஒரு கை விழுந்தது. அவருக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது.

"என்னத்தத் தேடுறீங்க, தம்பி?"

கேட்டவர் மஹ்ரூப். திருகோணமலைத் துறைமுக வாசலருகே கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடையின் மற்றப் பங்காளி. ஐம்பத்தேழில் வெள்ளைக்காரக் கடற்படை போனபோது, வேலையிழந்து நின்ற வஸ்தியாம்பிள்ளையைக் கூப்பிட்டுச் சரிபாதிப் பங்கு கொடுத்தவர். ஆறு வருடம் ஒரே கோப்பையில் தேநீர் குடிக்காத குறை. அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் அந்த மனிசனிடம், 'கடையை விட்டுத் துறவியாகப் போகிறேன், திங்கட்கிழமை மடத்தில் சேர வேண்டும்' என்று எந்த வாயால் சொல்வது?

"நெஞ்சுக்குள்ள நோகுது, நானா."

அது பிழையாய்ப் போயிற்று. மஹ்ரூப் கடையைப் பூட்டி, அவரைக் காரில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனார். டாக்டர் குழாயை முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தார்.

"வேகமா அடிக்குது. மற்றப்படி ஒரு வருத்தமும் இல்லை. ஆள் எதுக்கோ பயப்பிடுறார்."

"எதுக்குப் பயம்?" வெளியில் வந்ததும் மஹ்ரூப் கேட்டார். "போன கிழமை கிரேக்கக் கப்பல்காரன் முப்பது கோழி கேட்டான். நீங்க முப்பது மெழுகுதிரி அனுப்பியிரிக்கீங்க."

உண்மை வஸ்தியாம்பிள்ளையின் தொண்டைவரை வந்தது. மஹ்ரூபின் முகத்தைக் கண்டதும் திரும்பி இறங்கிவிட்டது.

"ஒரு கலியாணப் பேச்சு, நானா."

மஹ்ரூப் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கட்டிப்பிடித்தார்.

மறுநாள் துறைமுகம் முழுக்க இதே கதை. மஹ்ரூபின் மனைவி நபீஸா கடைக்கே வந்துவிட்டாள்.

"சாரி எடுக்கோணும் தம்பி. பொண்ணுக்கு என்ன நிறம் விருப்பம்?"

மடத்து அங்கிதான் அவர் நினைவில் வந்தது. "வெள்ளை."

"கலியாணத்துக்கு வெள்ளையா?"

"அந்த வீட்டில எல்லாரும் வெள்ளைதான் உடுக்கிறது."

"எத்தனை பேர்?"

"பதினொரு பேர். எல்லாரும் சகோதரங்கள்."

"கலியாணம் முடிச்சவங்களா?"

"ஒருத்தரும் முடிக்கயில்லை."

நபீஸா வாயில் கைவைத்தாள். மஹ்ரூப் கயிற்றுச் சுருள்களின் பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே வஸ்தியாம்பிள்ளை நினைத்தார்.

"எந்த ஊர்?" என்றார் மஹ்ரூப், திரும்பாமலே.

"மூதூர். திங்கட்கிழமை போகோணும்." சொன்ன பிறகுதான், மஹ்ரூப் பிறந்ததே மூதூரில் என்பது உறைத்தது.

"நல்லதாப் போச்சு. திங்கட்கிழமை நானும் வாறன். மாப்பிள்ளைப் பக்கம் ஒரு ஆளாவது வேணாமா?"

திங்கள் காலை லாஞ்ச் படகு கொட்டியாரக் குடாவைக் கடந்தது. மஹ்ரூப் புதுச் சாரன் உடுத்து, மடியில் மஸ்கட் இனிப்புத் தட்டை வைத்துக்கொண்டு இருந்தார். வஸ்தியாம்பிள்ளை கம்பியைப் பிடித்த பிடி விடவில்லை. கடலில் குதித்தால் என்ன என்றும் ஒருதரம் யோசித்தார். நீந்தத் தெரியாது.

"நானா, அந்தப் பொம்பிளை..."

"வீட்டுக்குப் போய்ப் பாப்பம், தம்பி."

கரையிறங்கியதும் மஹ்ரூப் முன்னால் நடந்தார். வஸ்தியாம்பிள்ளை பின்னால் இழுபட்டார். குருசு வைத்த பெரிய இரும்புக் கேற்றின் முன்னால் மஹ்ரூப் நின்றார். வஸ்தியாம்பிள்ளை அப்படியே மண்ணில் குந்திவிட்டார்.

"மன்னியுங்கோ நானா. பொம்பிளை ஒண்டும் இல்லை. நான் இந்த மடத்தில சேரப்போறன். உங்களைத் தனிய விட்டிட்டுப் போறன். சொல்லப் பயத்தில பொய்க்கு மேல பொய் சொன்னனான்."

கண்ணை மூடிக்கொண்டு திட்டுக்காகக் காத்திருந்தார். திட்டு வரவில்லை. மஹ்ரூப் மணிக்கயிற்றை இழுக்கும் சத்தம்தான் கேட்டது.

கேற்றைத் திறந்த, வெள்ளை அங்கி போட்ட வயதான மடத்துச் சகோதரர் மண்ணில் இருந்தவரைப் பார்த்தார். மஸ்கட் தட்டோடு நின்றவரைப் பார்த்தார்.

"நீங்கள்தானே மஹ்ரூப் நானா? மூண்டு மாசத்துக்கு முன்னம் எங்கட தலைவர் இவரைப்பற்றி விசாரிச்சதுக்கு நீங்கள் எழுதின பதில் சரியாத்தான் இருக்கு: 'ஆள் தங்கம், ஆனால் பயந்தவர், வாசல்மட்டும் நானே கொண்டுவந்து விட்டால்தான் வந்து சேருவார்.'"