நான்காம் அத்தியாயத்தின் குறட்டை

குறட்டை முதலில் மெல்லியதாகத்தான் வந்தது. மின்விசிறி ஏதோ முனகுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அடுத்த தடவை அது விசில் மாதிரி முடிந்ததும் சந்தேகம் போயிற்று. முன்வரிசை நடு நாற்காலியில், அவளுடைய முனைவர் பட்டத்துக்குக் கேள்வி கேட்க வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் தூங்கிக்கொண்டிருந்தார்.

வேறு யாருக்காவது நடந்திருந்தால் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். அவளுடைய ஆய்வே தூக்கத்தைப் பற்றியது. 'வகுப்பறையில் தூக்கம்: ஒரு சமூகவியல் பார்வை.' கல்லூரியில் அவளுக்குப் பெயரே தூக்க டீச்சர்தான். அவள் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்தபோது தொட்டிலில் கிடந்த மகள், இன்று இதே கல்லூரி மாணவியாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இந்த முறை பட்டம் வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு என்று முதல்வர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். தேர்வாளர் வாயைத் திறந்து கேட்டு, கையெழுத்துப் போட்டால்தான் தேர்வு முடியும். குறட்டையைக் கேள்வியாக எடுத்துக்கொள்ள விதியில் இடமில்லை.

"அடுத்து, நான்காம் அத்தியாயம்!" என்று குரலை உயர்த்தினாள்.

தேர்வாளர் எழவில்லை. தலை மட்டும் மெல்லச் சாய்ந்து, பக்கத்திலிருந்த அவளுடைய நெறியாளரின் தோளில் வசதியாக இடம் பிடித்தது. நெறியாளர் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, கத்தாதம்மா," என்று உதடு அசையாமல் கிசுகிசுத்தார். "பெரியவர் ஆழ்ந்து யோசிச்சிட்டிருக்காரு."

"யோசிக்கிறவங்க குறட்டை விடுவாங்களா சார்?"

"அவ்வளவு படிச்சவங்க யோசனை அப்படித்தான் இருக்கும். நீ மெதுவா பேசு."

வகுப்பு முடியும் மணி கேட்டால் எப்பேர்ப்பட்ட தூக்கமும் கலையும் என்று மூன்றாம் அத்தியாயத்தில் அவளே எழுதியிருந்தாள். அதற்காகப் பதிவுசெய்து வைத்திருந்த மணியோசையைக் கணினியில் தட்டிவிட்டாள். தேர்வாளரைத் தவிர அரங்கமே எழுந்துவிட்டது. மாணவர்கள் பையை மாட்டிக்கொண்டு கதவு வரை போய்விட்டார்கள்.

மகள் ஓடிப்போய் வாசலை மறித்தாள். "டேய், உக்காருங்கடா! எங்கம்மா இன்னும் முடிக்கல!"

அவர்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்த சத்தத்தில் செத்தவர்கூட எழுந்திருப்பார். தேர்வாளரின் குறட்டை ஒரு சுருதி ஏறியதுதான் மிச்சம்.

அவள் ஓரத்தில் நின்ற கணவரைப் பார்த்தாள். மனைவி டாக்டராவதைப் பார்க்க லீவு போட்டு, சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்த மனிதர்.

"ஏங்க, சாருக்கு ஒரு டீ. நல்லா சூடா."

குறிப்பு புரிந்தது. அவர் ஆவி பறக்கும் கோப்பையைக் கொண்டுவந்து தேர்வாளரின் மூக்குக்குக் கீழே பிடித்து, "சார்... டீ..." என்று கொஞ்சினார். தேர்வாளர் தூக்கத்திலேயே ஈ ஓட்டுவதுபோல் கையை வீசினார். டீ முழுவதும் நெறியாளரின் மடியில் இறங்கியது.

நெறியாளரின் வாய் அகலத் திறந்தது. சத்தம் வரவில்லை. கண்களில் தண்ணீர் முட்டியது. அப்போதும் அந்தத் தோள் மட்டும் அசையவில்லை.

"ஐயையோ, சாரி சார்!" என்று துடைக்கக் குனிந்த கணவரின் கால், தரையில் கிடந்த ஒயரில் மாட்டியது. திரை அணைந்தது. விளக்குகளை முன்பே அணைத்திருந்ததால் அரங்கம் கும்மிருட்டானது. அந்த இருட்டில், தேர்வாளருக்குத் துணையாகப் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவனின் குறட்டையும் கிளம்பியது. உடனே அவன் மண்டையில் நாலா பக்கமிருந்தும் படபடவென்று தட்டு விழுந்தது. "எந்திரிடா எருமை!"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷப் படிப்பும் உழைப்பும் ஒரு குறட்டையில் போகிறதே! பிறகு, அந்தப் பையன் வாங்கிய தட்டுகளின் சத்தம் மெதுவாக மண்டையில் உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் எல்லா விளக்குகளையும் போட்டாள்.

"நான் இனிமே சாரை எழுப்பப் போறதில்ல," என்றாள். "சின்னவங்க தூங்கினா அடி விழும், பெரியவங்க தூங்கினா ஊரே காவல் நிக்கும். நாலாவது அத்தியாயத்துல இதைத்தான் எழுதியிருக்கேன். ஆதாரம் பத்தாதுன்னு இந்த சார்தான் அறிக்கையில எழுதியிருந்தாரு. இதோ பாருங்க! எங்க சார் மடியில கொதிக்கிற டீ. மூச்சு விட்டாரா? குறட்டைக்கு யோசனைன்னு பேர் வெச்சாரு. நான் மட்டும் என்ன? மணி அடிச்சேன், டீ குடுத்தேன். தோளைத் தட்டி 'எந்திரிங்க சார்'னு சொல்ல எனக்கும் தைரியம் வரல. ஆனா பின்னாடி ஒரு பையன் கண்ணசந்தான். அவன் மண்டையில எத்தனை கை விழுந்துச்சு?"

அரங்கமே வெடித்துச் சிரித்தது. மகள் எழுந்து நின்று கை தட்ட, எல்லோரும் எழுந்து தட்டினார்கள். நெறியாளரும் வலியை மறந்து குலுங்கிச் சிரிக்க, தோளிலிருந்த தலை நழுவியது. தேர்வாளர் கண்ணைத் திறந்தார்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்துச்சும்மா," என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்ப அதுவும் இல்ல. வேற கேள்வியும் கிடையாது. வாழ்த்துக்கள், டாக்டர்!"

கையெழுத்து விழுந்தது. கணவர் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கை குலுக்கினார். முதல்வரே வந்து, "திங்கக்கிழமை ஆர்டர் வாங்கிக்குங்க மேடம்," என்றார். அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"தூங்கினது வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு சட்டுனு கையெழுத்துப் போட்டுட்டாரு," என்று நெறியாளர் காதைக் கடித்தார். "நமக்கென்ன, லாபம்!"

அந்த 'லாபம்' மட்டும் அவளுக்கு முள்ளாகக் குத்தியது. முழு ஆய்விலும் ஒரு வார்த்தைகூடக் கேட்காதவர் கொடுத்த பட்டமா இது?

தேர்வாளர் நாற்காலியில் மறந்துவிட்டுப் போன கண்ணாடிக்கூட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவர் இன்னும் முதல்வர் அறையில்தான் இருந்தார். காரைத் துடைத்துக்கொண்டிருந்த ஓட்டுநரிடம் அதைக் கொடுத்தாள்.

"சாருக்கு ரொம்ப அசதி போல. உள்ள நல்லா தூங்கிட்டாரு. போறப்பவாவது மெதுவா ஓட்டுங்க அண்ணே."

"ஐயாவா தூங்கினாரு? நீங்க வேறம்மா! வர்ற வழியெல்லாம் உங்க நாலாவது அத்தியாயத்தை மடியில விரிச்சு வெச்சுக்கிட்டு, 'இந்தக் குறட்டை நிஜம் மாதிரி இருக்கா, இன்னும் கொஞ்சம் இழுக்கணுமா'ன்னு என் உயிரையில்ல எடுத்தாரு!"