மௌனப் புனிதரும் டார்னெய்ட் பெருநாள் சபையும்

மௌனம் என்னும் மாபெரும் புண்ணியத்தைத் தீர்மானம் நிறைவேற்றிக் கடைப்பிடிக்கும் அமைப்பு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது மெல்பேர்னின் மேற்கே, டார்னெய்ட்டில் இயங்கும் எங்கள் நெப்போமுக் அருளப்பர் பெருநாள் சபை. அதன் செயலாளர் அடியேன்.

எங்கள் புனிதரைப் பலருக்குத் தெரியாது. அதுவே அவருடைய முதற்சிறப்பு. நகரின் மறுகோடியில் இருக்கும் ரோவில் சபையை விட்டு நாங்கள் "கொள்கை காரணமாக" (பெருநாள் சோற்றுப் பார்சலில் மீனா, முட்டையா என்பதே கொள்கை) பிரிந்தபோது அந்தோனியார் அவர்களோடு தங்கிவிட்டார். செபஸ்தியாரை இன்னொரு சபை எடுத்திருந்தது. மாதாவுக்கோ ஏற்கனவே இரண்டு சபைகள் சண்டை. ஆகவே யாரும் கை வைக்காத ஒரு புனிதரை இணையத்தில் தேடி, பிராக் நகரத்து வேதசாட்சியைக் கண்டெடுத்தோம்.

அவர் பதினான்காம் நூற்றாண்டுக் குருவானவர். அரசி பாவசங்கீர்த்தனத்தில் இவர் காதோடு அறிக்கையிட்ட பாவங்கள் என்ன என்று ராசா கேட்டாராம். இவர் வாய் திறக்கவில்லை. ராசா இவரைப் பாலத்திலிருந்து ஆற்றில் எறிவித்தார். உடல் மிதந்த இடத்தில் ஐந்து நட்சத்திரங்கள் தோன்றின என்பது மரபு. தண்ணீரில் தத்தளிப்பவர்களுக்கு அன்றிலிருந்து அவரே காவல். எங்கள் சுரூபத்தில் விரல் உதட்டின் மேல் இருக்கிறது. நட்சத்திரங்களுக்குப் பற்றரி போடவேண்டும்.

தலைவர் மோகனதாஸ் அங்கிள் இந்தச் சரித்திரத்தைப் பெருநாள் தோறும் ஒலிவாங்கியில் சொல்வார். "தண்ணீரில் விழுந்தவர்களின் தகப்பனே" என்ற இடம் வந்ததும் தவறாமல் அழுவார்.

பெருநாள் பவனியில் சுரூபம் வைத்த கூட்டை நான்கு பேர் தோளில் தூக்குவார்கள். முன் வலப்பக்கம் ஜசிந்தனுடையது. அகதியாகப் படகில் வந்தவன், தற்காலிக விசா, வெரிபீயில் முளைக்கிற புது வீடுகளுக்குத் தரை ரைல்ஸ் பதிக்கிறவன். தவக்காலக் கூட்டத்தில் அவன் எழுந்து நின்றான்.

"அங்கிள், வாற புதன் என்ர விசாக் கேஸ். திருப்பி அனுப்பினா அங்க என்னை உயிரோட விடமாட்டாங்கள். ஒராள் வந்து, இவனை எங்களுக்குத் தெரியும், நல்ல பெடியன் எண்டு சொன்னாக் காணும்."

"சொல்லலாம் தம்பி," என்றார் தலைவர். "ஆனா எப்பிடித் தெரியும் எண்டு கேப்பாங்களே?"

"வருசா வருசம் கூடு தூக்கிறன்."

"கூடு வரேக்க நாங்கள் புனிதரையெல்லோ பாக்கிறது. உம்மட முகத்தை ஆர் பாத்தது?"

பொருளாளர் பிலோமினா அன்ரி தொலைநோக்கோடு பேசினார். "போட்டில வந்த ஆக்களுக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பெண்டு பேப்பரில போட்டா? பிறகு கவுன்சில் எங்களுக்கு மண்டபம் தருமோ?"

"அன்ரி, உங்கட குசினிக்கு ரைல்ஸ் பதிச்சது நான்தானே."

"ஓம். மூலையில ஒண்டு ஆடுது. அதையும் வந்து சொல்லட்டோ?"

சபை தர்மசங்கடத்தில் ஆழ்ந்தது. அப்போது தலைவர் சுரூபத்தை நிமிர்ந்து பார்த்தார். உதட்டில் விரல்.

"புனிதரே வழி காட்டுறார், பாருங்கோ!"

மேற்படி விடயத்தில் புனிதரின் முன்மாதிரியைப் பின்பற்றுவதெனத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஜசிந்தன் கை உயர்த்தவில்லை. சந்தா கட்டாதவருக்கு வாக்கு இல்லை.

புதன்கிழமை காலை அவன் எங்கள் எல்லோருக்கும் போன் எடுத்தான். முழு நிர்வாகமும் போன் மணியை அணைத்து வைத்து, எடுக்காமல் தவக்கால ஒறுத்தல் காத்தது. இவ்வளவு கட்டுப்பாடான நிர்வாகத்தை ரோவிலில் காணமுடியாது.

மே மாதம் பெருநாள் வந்தது. ஓடைக்கு மேலே போகும் சிறு பாலத்தில் பவனி ஏறியதும் கூடு வலப்பக்கம் சரிந்தது. புனிதர் மறுபடியும் தண்ணீரை எட்டிப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தோம், கூட்டுக்குக் கீழே மூன்று தோள்களே இருந்தன.

"எங்கயப்பா ஜசிந்தன்?" தலைவர் கத்தினார்.

மெழுகுதிரியோடு நின்ற அவன் மனைவி நிரஞ்சினி திரும்பினாள். "தெரியாத ஆளை ஏன் அங்கிள் தேடுறியள்?"

"பிள்ளை, பகிடி விடாதையும். கூடு விழப்போகுது!"

"விசா இல்லையெண்டு சொல்லிப்போட்டாங்கள். முந்தநாள் விடிய இமிகிரேசன் ஆக்கள் வந்து ஏத்திக்கொண்டு போட்டாங்கள். அவரைத் தெரிஞ்ச ஒருத்தரும் இந்த ஊரில இல்லையாம்."

யாரும் வாய் திறக்கவில்லை. தீர்மானம் இன்னும் அமுலில் இருந்தது. காலியான தோளுக்குப் பதிலாக ஒரு மடிப்புக் கதிரையை முட்டுக் கொடுத்தோம். தலைவர் ஒலிவாங்கியை எடுத்து, "தண்ணீரில் விழுந்தவர்களின் தகப்பனே" என்று சொல்லி, உரிய இடத்தில் அழுதார்.

சபையின் சாதனையை இங்கே பதிவு செய்வது என் கடமை. பிராக் நகரத்தில் அன்று வாயை மூட ஒரு புனிதரும், ஆளைத் தூக்கி எறிய ஒரு ராசாவுமாக இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். டார்னெய்ட்டில் அந்த இரண்டு வேலையையும் நாங்களே செய்து முடித்தோம்.